எங்கள் தியோவின் முகத்தை நீக்குங்கள்: பேய்க்கதைக் காணொலி எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளே,

உங்கள் அலைவரிசையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வேடிக்கை பார்க்க இன்னும் நாலு பேர் அங்கே போவார்கள். அந்த உபகாரத்தைச் செய்ய எனக்கு மனமில்லை. பிலிப்பைன்ஸுக்குப் போய், கபீஸ் என்ற இடத்தை இரத்தம் குடிக்கும் பேய்கள் வாழும் தீவு என்று சொல்லி, தமிழில் ஒரு காணொலி வெளியிட்டீர்கள். கபீஸ் தீவே இல்லை. பனாய் தீவின் வடகிழக்கில் இருக்கும் ஒரு மாகாணம் அது. அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மடல் அதைப் பற்றியது அன்று.

காணொலி முடியும் கட்டத்தில் ஒரு முதியவர் வருகிறார். வீட்டு வாசலில் மூங்கில் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வாய் தானாகத் திறக்கிறது, நாக்கு வெளியே நீள்கிறது, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. நீங்கள் அந்தக் காட்சியின் வேகத்தைக் குறைத்து, செந்நிறம் பூசி, பின்னணியில் இராப்பறவையின் சத்தத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். 'பகலில் இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்' என்று உங்கள் குரல் சொல்கிறது. அவர் என் மனைவியின் தாய்மாமன். நாங்கள் அவரைத் தியோ என்று அழைக்கிறோம். அவருக்கு இருப்பது ஒரு நரம்பு நோய். தன்னைப் படம் பிடிப்பது அவருக்குத் தெரியாது. வேனின் சன்னல் வழியாக எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

முதலில் தனிக் கடிதம்தான் எழுதினேன். 'பொழுதுபோக்குக்காக மட்டுமே என்று தொடக்கத்திலேயே அறிவித்திருக்கிறோம்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அடுத்த வாரம் இரண்டாம் பாகம் வரப்போவதாக அறிவித்தீர்கள். அறிவிப்புப் படத்திலும் அதே முகம். அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் பேய்க்கதைகளுக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். நான் மதுரைக்காரன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அங்கேதான் என் மனைவியைச் சந்தித்தேன். விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் இரவில் மாமியார் கதை சொல்வார். மின்சாரம் போனால் இன்னும் நன்றாகச் சொல்வார். பெரிய மரத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் கறுத்த அரக்கன் கப்ரே. இருட்டில் மரத்தின் உச்சியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் அது அவன் சுருட்டின் கங்கு. குதிரைத் தலையும், குந்தினால் முழங்கால் தலைக்கு மேலே போகும் அளவுக்கு நீண்ட காலும் கொண்டவன் டிக்பாலாங். காட்டில் வழியைக் குழப்பி, நடந்த இடத்திலேயே நடக்கவைப்பான். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் விட்டுவிடுவான். வெயிலடிக்கும்போது மழை பெய்தால் நமக்குக் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம். அங்கே டிக்பாலாங்குக்குக் கல்யாணம். ஆலமரத்தின் சுற்றத்தைச் சேர்ந்த லுனோக் மரத்தில் தமாவோக்கள் குடியிருக்கிறார்கள்; வெளுத்த அழகர்கள், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நமக்கு இருக்கும் பள்ளம் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் நீட்டும் கறுப்புச் சோற்றைத் தின்றவர் திரும்பி வருவதில்லை. புற்றில் வாழும் கிழவன் நூனோ. அவன் வீட்டைத் தெரியாமல் மிதித்துவிட்டால் கால் வீங்கும். ஆகவே புதர்ப் பக்கம் ஒதுங்குகிறவர்கள் 'தாபி தாபி' என்று வழி கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கல்லூரியில் படித்த என் மைத்துனனும் சொல்லுகிறான். இப்போது நானும் சொல்லுகிறேன்; சொல்லுவதில் என்ன நட்டம்? நிலவை விழுங்கும் பகுனாவா என்ற பெரும்பாம்பும் உண்டு. கிரகண நேரத்தில் சட்டி பானையைத் தட்டி அதைக் கக்கவைப்பார்கள். ராகுவைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் மாமியாரின் உதவி தேவைப்படவில்லை.

இந்தக் கதைகளை எல்லாம் நீங்கள் தமிழில் சொல்லியிருந்தால் முதல் ஆளாக நானே நண்பர்களுக்கு அனுப்பியிருப்பேன். நீங்கள் எடுத்துக்கொண்டதோ அஸ்வாங்கை. அங்கேதான் கவனம் வேண்டும்.

கப்ரேயின் கதையில் பயப்பட வேண்டியவன் மரத்தில் இருக்கிறான். டிக்பாலாங் காட்டில் இருக்கிறான். அஸ்வாங் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அந்தக் கதையின் கட்டுமானமே அதுதான். பகலில் அமைதியான அண்டை வீட்டுக்காரி. இரவில் நாயாக, பன்றியாக, பறவையாக உருமாறி நோயாளியின் ஈரலையும் கர்ப்பிணியின் வயிற்றிலிருக்கும் சிசுவையும் தேடுகிறவள். மனனாங்கல் என்ற வகை, இடுப்போடு உடலைப் பிரித்து மேற்பாதியை மட்டும் பறக்கவிடும். கூரை இடுக்கின் வழியாக நூல் போன்ற நாக்கை இறக்கும். விட்டுச் சென்ற கீழ்ப்பாதியில் உப்பையோ சாம்பலையோ பூசிவிட்டால் மீண்டும் ஒட்ட முடியாமல் விடியலில் சாகும். டிக்டிக் என்ற பறவையின் குரல் தூரத்தில் கேட்டால் அஸ்வாங் அருகில் இருக்கிறது. பலமாகக் கேட்டால் தொலைவில் இருக்கிறது. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் கப்ரே கதையைக் கேட்டு முடித்தவன் மரத்தைப் பார்க்கிறான்; அஸ்வாங் கதையைக் கேட்டு முடித்தவன் ஊரில் யார் என்று பார்க்கிறான். யாரோ ஒரு மனிதர் அகப்பட்டே ஆக வேண்டும். தனியாக வாழும் கிழவி, மூலிகை தெரிந்தவள், ஊரோடு ஒட்டாதவள், உடல் கோணியவர். அஸ்வாங் என்ற சந்தேகத்தில் மனிதர்கள் தாக்கப்பட்ட செய்திகளும் கொல்லப்பட்ட செய்திகளும் பிலிப்பைன் நாளிதழ்களில் வந்திருக்கின்றன.

இந்தப் பெயரை யார் யார்மேல் சுமத்தினார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. உங்கள் காணொலியில் அதில் ஒரு வரிகூட இல்லை. 1589இல் ஹுவான் தே பிளாசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி, மணிலாவைச் சுற்றி வாழும் தகாலோக் மக்களின் வழக்கங்களைப் பற்றி எழுதியபோது, சாத்தானின் பூசாரிகள் என்று ஒரு பட்டியல் போட்டார். பறப்பதாகவும் மனிதரைக் கொன்று தின்பதாகவும் சொல்லப்படும் அஸ்வாங் அதில் இருக்கிறது. அது பனாயும் அடங்கிய விசயாஸ் தீவுகளில்தான், தகாலோக் மக்களிடம் இல்லை என்று வேறு குறிப்பு. அதாவது, எழுதுகிறவர் இருக்கும் இடத்தில் இல்லை, கடலுக்கு அப்பால் இருக்கிறது. இன்று மணிலாக்காரர்கள் கபீஸைப் பற்றிச் சொல்வதும் இதுதான். நானூறு ஆண்டுகளாகப் பேய் அடுத்த ஊரில்தான் குடியிருக்கிறது. அதே பட்டியலின் தலையில் இருப்பவர் யார் தெரியுமா? ஊருக்குப் பலி கொடுத்துச் சடங்கு நடத்திய பூசாரி. பெரும்பாலும் பெண்கள் வகித்த இடம் அது. விசயாஸில் அவர்களைப் பாபய்லான் என்பார்கள். புதிய மதத்தின் கண்ணுக்குப் பூசாரியும் பிணந்தின்னியும் ஒரே பட்டியலின் எண்களாகத் தெரிந்தார்கள். என் மனைவியின் ஊரில் வேர்களைக் காய்ச்சிக் கொடுக்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். சுளுக்குக்கும் காய்ச்சலுக்கும் பகலில் அவரிடம் போகிறவர்களே, இருட்டிய பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போது நடையை எட்டிப்போடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1950களில், மணிலா இருக்கும் லூசோன் தீவில் ஹுக் என்ற உழவர் கிளர்ச்சிப் படையை அடக்க வந்த அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல். அவர் தன் நினைவுக் குறிப்பில் தானே எழுதியது இது: கிளர்ச்சியாளர்கள் முகாமிட்டிருந்த குன்றில் அஸ்வாங் உலவுகிறது என்று அரசுப் படையினர் முதலில் வதந்தி பரப்பினார்கள். பிறகு இரவில் ரோந்து வந்தவர்களில் கடைசி ஆளைச் சத்தமில்லாமல் பிடித்து, கழுத்தில் இரண்டு துளையிட்டு, தலைகீழாகப் பிடித்து இரத்தத்தை வடியவிட்டு, உடலைப் பாதையிலேயே போட்டுவிட்டார்கள். விடிந்ததும் கிளர்ச்சியாளர்கள் அந்த இடத்தைவிட்டே போய்விட்டார்களாம். இந்தக் கதையில் கழுத்தில் துளை இருக்கிறது, வடிந்த இரத்தம் இருக்கிறது, இறந்தவன் இருக்கிறான். பேய் மட்டும் இல்லை. இதைவிடக் குலைநடுங்கவைக்கும் ஒன்று உங்கள் காணொலியில் எங்கே இருக்கிறது? இதைத் தேடிப் படிக்க விமான டிக்கெட்கூடத் தேவையில்லை.

இனி தியோவிடம் வருகிறேன்.

அவருக்கு இருக்கும் நோயை அங்கே லுபாக் என்பார்கள். மருத்துவர்கள் அதை எக்ஸ் குரோமோசோம் வழி வரும் டிஸ்டோனியா பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். 1976இல் லில்லியன் லீ என்ற பிலிப்பைன் நரம்பியல் மருத்துவர் பனாய் தீவு நோயாளிகளைப் பற்றி முதலில் எழுதினார். டிஏஎஃப்1 என்ற மரபணுவுக்குள் செருகிக்கொண்ட ஒரு துண்டுதான் காரணம் என்பது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. உலகில் இந்நோய் உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பனாயில் வேர்கொண்ட குடும்பத்தினர். கபீஸில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 24 பேர். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டித் தொடங்கும். அதுவரை எல்லோரையும் போல உழைத்தவர் திடீரென ஒரு காலை இழுத்து நடப்பார். பிறகு கழுத்து திருகும், தாடை தானாகத் திறந்து மூட மறுக்கும், நாக்கு வெளியே தள்ளும், விழுங்குவது கடினமாகும். ஆண்டுகள் போனதும் திருகல் குறைந்து பார்க்கின்சன் நோயின் விறைப்பு வந்து சேரும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். உங்கள் காணொலியைப் பார்த்தபோதும் தியோவுக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. தமிழ் தெரியாதவர், ஆனால் எதற்காகச் செந்நிறம் பூசியிருக்கிறீர்கள் என்பதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை.

இந்த நோய் தாயிடமிருந்து மகனுக்கு வருகிறது. நோயைச் சுமக்கும் தாய்மார் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். பிறக்கும் ஆண்பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அஸ்வாங் கதையிலும் அது குடும்பச் சொத்துதான். சாகக் கிடக்கும் அஸ்வாங்கின் தொண்டைக்குள் ஒரு கறுப்புக் கோழிக்குஞ்சு இருக்குமாம். அதை வாரிசின் வாய்க்குள் விடும்வரை உயிர் பிரியாதாம். ஒரே வீட்டில் தலைமுறைக்கு ஒருவர் வாய் கோணி நாக்கு நீட்டுவதைப் பார்த்த ஊர், கையில் மரபணு அறிவியல் இல்லாத காலத்தில், தெரிந்த கதையைக் கொண்டு அதை விளக்கிக்கொண்டது. கபீஸுக்கு அஸ்வாங் ஊர் என்ற பெயர் நிலைத்ததில் லுபாக்குக்கும் பங்கு உண்டு என்று பலர் கருதுகிறார்கள். முழுக் காரணம் அதுவே என்று நான் சொல்லமாட்டேன். கதை நோயைவிடப் பரவலானது. ஆனால் அந்த மூங்கில் பலகைக்கு முன்னால் நீங்கள் செய்தது, அந்தப் பழைய முடிச்சை எடுத்து இன்னொரு முறை இறுக்கியதுதான். பழைய ஊருக்கு அறியாமை என்ற சாக்கு இருந்தது. உங்கள் கையில் தேடுபொறி இருந்தது.

இதனால் யாருக்கு என்ன கெட்டது என்று கேட்பீர்கள். என் மைத்துனன் முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிறான். படியில் கால் இடறினால் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவனுக்குப் பேசிவந்த பெண் வீட்டார் உங்கள் காணொலியின் துண்டைப் பார்த்திருக்கிறார்கள். அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறவள், உடன் வேலை செய்யும் தமிழ்ப் பெண் காட்டினாளாம். அதன் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. என் மகன் பள்ளியில் தமிழ் படிக்கிறான். வகுப்புத் தோழர்கள் அவன் அம்மாவின் ஊரைத் தெரிந்துகொண்டு, அவன் சாப்பிட வாய் திறக்கும்போது டிக்டிக் என்று சத்தமிடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என் மனைவியோ மகனோ பரிசோதனை செய்துகொண்டார்களா, முடிவு என்ன என்பதெல்லாம் உங்களுக்கோ இதைப் படிக்கிறவர்களுக்கோ உரிய செய்தி அன்று. ஆனால் உங்கள் காணொலியின் கீழே முன்பின் தெரியாத ஒருவர் அதைத்தான் என்னிடம் கேட்டிருந்தார். நீங்கள் அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தீர்கள்.

'அந்த ஊர்க்காரர்களே அஸ்வாங் திருவிழா நடத்தினார்களே' என்று வாதிடுவீர்கள் என்று தெரியும். நடத்தினார்கள். 2004இல் மாகாணத் தலைநகரான ரோஹாஸ் நகரில் தொடங்கியது. ஊர்மேல் விழுந்த பழியைத் தாங்களே வேடமாகப் போட்டுச் சிரித்துவிட்டால் அதன் பல் உதிர்ந்துவிடும் என்றார்கள் நடத்தியவர்கள். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. சில ஆண்டுகளில் நின்றுபோனது. எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. மாமியார் திருச்சபைப் பக்கம். மைத்துனன் வேடம் போட்டு ஆடியவன். ஊர்க்காரன் தன்னையே கேலி செய்துகொள்வது அவன் உரிமை. விருந்தாளி வாசலில் நின்று அதே கேலியைச் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

நம் பக்கத்தில் இது தெரியாத விஷயமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தார்கள். பேய் பிடித்தது, தர்காவில் வைத்திருந்தால் தெளியும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். நோயாளியைப் பேயாகப் பார்க்கும் கண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழில் படம் எடுக்கிறவர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவன் எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வேன் வந்த வழியில், தீவின் பெயரையே கொண்ட பனாய் என்ற சிற்றூரின் தேவாலயம் இருக்கிறது. 1878இல் வார்த்த அதன் மணி 10,400 கிலோ எடை. ஊர்மக்கள் கொடுத்த 70 மூட்டை நாணயத்தை உருக்கிச் செய்தது என்பார்கள். பழைய வீடுகளின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகக் கபீஸ் சிப்பியின் மெல்லிய ஓடுகள் இருக்கும். தீவின் நடுமலைகளில் ஹினிலாவோட் என்ற பெருங்காப்பியத்தை நாட்கணக்கில் வாயாலேயே பாடும் மரபு இருக்கிறது; 1950களில் லாண்டா ஹோகானோ என்ற மானுடவியலாளர் அதைப் பதிவு செய்யத் தொடங்கினார். அதில் அரக்கர்களுக்கும் பஞ்சமில்லை. இதையெல்லாம் தாண்டிப் போய் ஒரு நோயாளியின் வாசலில் வண்டியை மெதுவாக்கியிருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தியோ வரும் காட்சியை முழுவதுமாக நீக்க வேண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதாது. வீட்டையும் வாசலையும் ஊரே அடையாளம் காணும். அறிவிப்புப் படம், சிறு துண்டுகள், பிற தளங்களில் நீங்கள் பகிர்ந்தவை எல்லாவற்றிலிருந்தும் அது போக வேண்டும். உங்களிடமுள்ள மூலப் பதிவையும் அழிக்க வேண்டும். அவர் இருக்கும் இரண்டாம் பாகம் வெளிவரக் கூடாது.

அதே அலைவரிசையில், அதே நேரத்தில், அவர் நோயாளி என்பதையும் அனுமதியின்றிப் படம் எடுத்ததையும் உங்கள் குரலிலேயே சொல்ல வேண்டும். லுபாக் என்ற நோய் என்ன என்பதை ஒரு நரம்பியல் மருத்துவரைக் கொண்டு விளக்க வேண்டும். அவருடைய பெயரையும் ஊரையும் மட்டும் சொல்ல வேண்டாம்.

காணொலியின் கீழே குடும்பத்தைக் குறிவைத்து எழுதப்பட்டவற்றை நீக்குங்கள். இனி எந்த நாட்டில் எந்தப் பேயைத் தேடிப் போனாலும், உயிருள்ள மனிதரைக் காட்டுவதற்கு முன் அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கதை வேண்டுமென்றால் என் மாமியார் சொல்லத் தயார், கேட்டுப் பார்த்துவிட்டேன். கப்ரே, டிக்பாலாங், தமாவோ, எல்லாம் சொல்வார். தமிழில் நான் பெயர்த்துத் தருகிறேன். அவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுங்கள்.

இம்மாத இறுதிக்குள் பதில் வேண்டும். எனக்கு அனுப்ப வேண்டாம். மன்னிப்புக் கடிதத்தை, தியோவுக்குப் புரியும் ஹிலிகாய்னோன் மொழியில் எழுதவைத்து, உங்கள் குழுவில் எல்லோரும் கையொப்பமிட்டு, தியோவின் பெயருக்கே அனுப்புங்கள். முகவரியை உங்கள் அலுவலகத்துக்கு நான் தனியே தெரிவித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவருடைய மருமகளின் கணவன்
சிங்கப்பூர்